நர்சிங் சார்ஜ்

திருநகரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போவதென்றால் பசுமலை, பழங்காநத்தம் எல்லாம் தாண்டி, வைகைப் பாலம் ஏறி, கோரிப்பாளையம் நெரிசலில் நீந்தித்தான் போய்ச் சேரவேண்டும். பேசத் தெரிந்த டிரைவர் வாய்த்தால் ஒரு குடும்பக் கதையை முழுசாகக் கேட்டுவிடலாம். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்திருக்கிறார். தனக்கன்குளத்துக்காரர். மாதம் ஒரு முறை என் சர்க்கரையை அளந்து பார்க்கக் கூட்டிப் போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இரண்டாவது ஸ்டாப்பில் இறக்கிவிடுவார்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். மூலக்கரை தாண்டியதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். பாப்பாவ நர்ஸுக்குப் படிக்க வைக்கலாமான்னு பாக்குறேன். தேறுமா?"

நான் உடனே, யோசிக்காமல், "அருமையான படிப்பாச்சேப்பா. இதைவிடப் பெரிய சேவை என்ன இருக்கு? புண்ணியம்" என்றேன்.

அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். "சேவைதான் சார், இல்லேங்கல. மாசம் எம்புட்டு வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

இதே மனிதர், "பாப்பாவ இன்ஜினீயரிங் சேக்கலாமா?" என்று கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எந்தக் காலேஜ், கேம்பஸ் இன்டர்வியூ உண்டா, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு, சென்னையா பெங்களூரா என்று கணக்குப் போட்டிருப்பேன். "பாலம் கட்டுவது பெரிய சேவை, புண்ணியம்" என்று நிச்சயமாகச் சொல்லியிருக்க மாட்டேன். சி.ஏ. படிக்கும் பையனிடம் யாராவது புண்ணியம் பற்றிப் பேசியிருக்கிறோமா? டாக்டர் தொழிலும் சேவை என்கிறோம். ஆனால் அவர் ஃபீஸ் வாங்கும்போது நமக்கு அதிர்ச்சியாக இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால், எந்த வேலைக்குக் குறைவாகக் கொடுக்கிறோமோ அந்த வேலையைத்தான் 'சேவை' என்று உரக்கச் சொல்கிறோமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. நர்சரி ஸ்கூல் டீச்சர், அங்கன்வாடி ஆயா, தூய்மைப் பணியாளர், நர்ஸ். பட்டியலைப் பார்த்தாலே உங்களுக்கும் புரியும்.

சந்தேகம் புதிதல்ல. பத்து வருஷம் முன்னாலேயே ஒருத்தர் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார்.

என் அம்மா அப்போது மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். இடுப்பு எலும்பு முறிவு. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எல்லாமே ஒன்றுதான். பெண்கள் வார்டில் பதினாலு கட்டில். ராத்திரி டூட்டிக்கு ஒரு சிஸ்டரும், யூனிஃபார்ம் இன்னும் உடம்பில் ஒட்டாத ஒரு டிரெய்னிங் பெண்ணும். அந்தச் சிஸ்டருக்கு இருபத்துநாலு வயசு இருக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம்.

அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான்தான் உடனிருந்த ஆள். ஒரே பிள்ளை. அம்மா என்றால் உயிர். முதல் ராத்திரி பன்னிரண்டு மணி வரை பெஞ்சில் முழித்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மூன்று மணிக்கு ஏதோ சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தால், அந்தப் பெண் அம்மாவின் தோளுக்கடியில் கை கொடுத்து, "பாட்டி, லேசா ஒருக்களிச்சுப் படுப்போமா? வலிச்சா சொல்லுங்க" என்று கொண்டிருந்தார். பெட்பேன் வைத்தார். எடுத்தார். துடைத்தார். முதுகுக்குப் பவுடர் போட்டார். சார்ட்டில் நேரத்தை எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் மறுபடி தூங்கிப்போனேன்.

ஒன்பது ராத்திரியும் இதேதான். இரண்டாவது நாளில் இருந்து நான் முழித்திருப்பதாகப் பாவனைகூடச் செய்யவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று நல்ல கடையில் அல்வா வாங்கிப் போய் அந்தச் சிஸ்டரிடம் நீட்டினேன். "உங்க சேவைக்கு என்னால கைமாறு செய்யவே முடியாது சிஸ்டர்" என்று கண் கலங்கிச் சொன்னேன். நிஜமாகவே கலங்கியிருந்தது. அவர் அல்வாவை வாங்கிக்கொண்டார். "தேங்க்ஸ் சார். பில்லு பார்த்தீங்களா? அதுல 'நர்சிங் சார்ஜ்'னு ஒரு வரி இருக்கும் பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு நாளைக்கு 400 ரூபாய். ஒன்பது நாளைக்கு 3,600.

"இந்த வார்டுல பதினாலு பெட்டு சார். எல்லாம் ஃபுல்லா இருந்தா ஒரு நாளைக்கு 5,600. மாசத்துக்கு ஒண்ணே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. மூணு ஷிஃப்ட்டுக்கும் சேர்த்து நாங்க ஆறு பேரு. எனக்கு 8,500. மத்தவங்களுக்கும் அம்புட்டுதான். ஸ்கூல்ல நான் கணக்குல சுமார் சார். ஆனா இந்தக் கணக்கு எனக்கே வருது."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் கரன்ட், வாடகை, லோன் என்று ஆயிரம் செலவு உண்டு, எனக்குத் தெரியும். ஆனால் பில்லில் அந்த வரிக்கு எதிரே 'கரன்ட்' என்று போடவில்லையே. 'நர்சிங்' என்றுதானே போட்டிருந்தது. அந்த வார்த்தையை வைத்து வாங்கிய பணத்தில் நர்ஸுக்குப் போனது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி இடத்தை நிரப்பியது என் 'கைமாறு செய்யவே முடியாது' வசனம்.

சரி, உங்களுக்கும் எனக்கும் உள்ளே ஒரு குரல் இருக்கிறது. காசுக்காகச் செய்தால் அது பரிவா? அன்பால் செய்கிறவர் வேறு, சம்பளத்துக்குச் செய்கிறவர் வேறு இல்லையா? நர்ஸ் வேலைக்கு வருகிற பெண் முதலில் சம்பளத்தைக் கேட்டால் அவர் நாளைக்கு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். இதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில் அந்த வார்டின் மூன்று மணிதான். அம்மா மேல் அன்பு எனக்கு. முழித்திருந்தவர் அவர். அவருக்கு என் அம்மா யாரோ ஒரு பாட்டி, ஆறாம் நம்பர் கட்டில். பாசம் வர நேரம்கூட இல்லை. ஆனால் இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றால் இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஜெர்மனியில் இம்மானுவேல் கான்ட் என்று ஒரு தத்துவ மேதை 1785-ல் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார். மனசு இளகி உதவுவது நல்ல விஷயம்தான். ஆனால் மனசு இளகாத நேரத்திலும், கடமை என்பதற்காகவே செய்கிறானே, அங்கேதான் ஒழுக்கத்தின் எடை தெரிகிறது என்பார். கான்ட் மகா கறாரான ஆசாமி, அவர் சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அன்பு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூங்கிவிடும் என்பதை நான் பெஞ்சில் படுத்து நிரூபித்திருக்கிறேன்.

நர்ஸ் என்றதும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் விளக்கு ஏந்திய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைத்தான் காட்டுகிறோம். 1854-ல் கிரிமியப் போர்க்கால ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார், ராத்திரியெல்லாம் விளக்கோடு காயம்பட்டவர்களைப் பார்த்தார். எல்லாம் உண்மை. அதற்கு முந்தைய ஆண்டு அவர் லண்டனில் ஒரு சிறு மருத்துவ இல்லத்தை நிர்வகிக்கப் போனபோது சம்பளமே வாங்கவில்லை. அதுவும் உண்மை. அப்போது அவர் அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை! அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பம் வசதியாக வாழப் போதுமான தொகை. அந்த அம்மையாரே 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சிங் பள்ளி ஆரம்பித்தது, இந்த வேலையைப் புண்ணியவதிகளின் பொழுதுபோக்காக விடாமல், படித்துப் பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்குச் செய்கிற தொழிலாக்கத்தான். நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்குப் பயிற்சி தர 1871-லேயே திட்டம் போட்டார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946-ல் அங்கேயே டிகிரியும் வந்தது.

இருந்தும் நம் வீடுகளில் "நர்ஸா?" என்று ஒரு இழுப்பு இருந்தது. இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அடுத்தவர் மலத்தையும் ரத்தத்தையும் தொடுகிற வேலை. தீட்டு. அதோடு ராத்திரி டூட்டி, முன்பின் தெரியாத ஆண்களின் உடம்பு. கல்யாணச் சந்தையில் விலை போகாது என்று ஒதுக்கினோம். ஒதுங்காமல் முன்னால் வந்தவர்களில் கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்கள் முக்கியமானவர்கள். அவர்கள் வெளிநாடு போய், வீடு கட்டி, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகுதான் நமக்கு 'அட' என்று தோன்றியது. பணம் வந்ததும் தீட்டு போய்விட்டது பாருங்கள். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஆனால் மரியாதையும் சம்பளமும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய சொந்தக்காரர்கள்.

ஆட்டோக்காரர் கதைக்கு வருகிறேன். அவர் சட்டைப்பையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் கொடுத்ததாம். 'ஓராண்டு நர்சிங் பயிற்சி. பத்தாம் வகுப்பு பாஸ் அல்லது ஃபெயில். நூறு சதவிகித வேலைவாய்ப்பு. வெளிநாட்டு வாய்ப்பும் உண்டு.' கட்டணம் 35,000, இரண்டு தவணை.

"இது ஒரு வருஷத்துல முடிஞ்சிரும் சார். காசும் கம்மி. அமெரிக்காவுலயே ஒரு வருஷம் படிச்சா நர்ஸ் ஆகிரலாமாம்ல?"

இதில் ஒரு பாதி நிஜம் இருக்கிறது. அமெரிக்காவில் 'லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்' என்று ஒரு பிரிவு உண்டு. சுருக்கமாக எல்.பி.என். ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு. பெரும்பாலும் முதியோர் இல்லங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும், முழுப் படிப்புப் படித்த ரிஜிஸ்டர்டு நர்ஸின் மேற்பார்வையில் வேலை. 2023 கணக்குப்படி எல்லா எல்.பி.என்.களையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 60,000 டாலர். ரிஜிஸ்டர்டு நர்ஸுக்குச் சுமார் 86,000. (இதை ரூபாயில் பெருக்கி வாயைப் பிளக்காதீர்கள். அங்கே வாடகையும் டாலரில்தான்.)

அங்கேயும் ஒரு வருஷம், இங்கே நோட்டீஸிலும் ஒரு வருஷம். வித்தியாசம் அந்தப் பெயரின் முதல் வார்த்தையில் இருக்கிறது. லைசென்ஸ்டு. அங்கே ஒரு வருஷம் படித்தவர் ஒரு பொதுத் தேர்வு எழுதி, மாநில நர்சிங் போர்டிடம் உரிமம் வாங்குகிறார். அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இங்கே ஒரு வருஷம் முடித்த பெண்ணுக்குக் கிடைப்பது கெட்டிக் காகிதத்தில் அச்சடித்த ஒரு சர்டிஃபிகேட். கவுன்சிலில் பதிவு கிடையாது. சட்டத்தின் கண்ணில் அவர் நர்ஸே இல்லை. ஆனால் ஏதோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால் மாட்டிக்கொள்ளும் முதல் ஆளும் அவராகத்தான் இருப்பார். 'நூறு சதவிகித வேலை' என்பது பொய் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. வேலை நிச்சயம் கிடைக்கும். அந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்காமல் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் நேர் வழி என்ன? பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு இரண்டு வருஷ ஏ.என்.எம். படிப்பு. நீங்கள் பார்த்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர், கர்ப்பிணிகள் வீட்டுக் கதவைத் தட்டி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, தடுப்பூசி தேதியை ஞாபகப்படுத்துகிறாரே, அவர் இந்தப் படிப்பு. அடுத்தது மூன்று வருஷ டிப்ளமா, ஜி.என்.எம். ஆண்களும் சேரலாம். அதற்கு மேலே நாலு வருஷ பி.எஸ்ஸி. நர்சிங். மூன்றுக்கும் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு உண்டு. ஏ.என்.எம். முடித்தவர் பிறகு ஜி.என்.எம். படிக்கலாம். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருஷத்தில் டிகிரிக்காரர் ஆகலாம். வெளிநாட்டு ஆசை இருந்தால் ஜி.என்.எம்.மாவது வேண்டும், ஏ.என்.எம்.மோடு நின்றால் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-லிருந்து இருக்கிறது. நர்ஸ்களுக்கு இலவசமாக ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்து அனுப்பும் வேலையையும் செய்திருக்கிறார்கள். ஏஜென்ட்டிடம் லட்சங்களைக் கொட்டுவதற்கு முன் அங்கே ஒரு நடை போய் விசாரிக்கலாம். உலகத்தில் நர்ஸ்களுக்குப் பஞ்சம் என்னவோ நிஜம். 2023 நிலவரப்படி 58 லட்சம் பேர் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இவ்வளவு பஞ்சம் இருக்கும்போது விலை ஏறத்தானே வேண்டும்? தக்காளிக்கு ஏறுகிறது. நர்ஸுக்கு ஏறவில்லையே, ஏன்?

கதையைக் கேளுங்கள். 2015-ல் தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கான நர்ஸ்களை எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் ஆகிவிடும் என்று நம்பி வந்தவர்கள், அது நடக்காமல் 2017 நவம்பர் கடைசியில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். அதே வார்டில் அதே வேலையைச் செய்யும் நிரந்தர நர்ஸுக்கு இதைப்போலப் பல மடங்கு சம்பளம். 'நோயாளிகள் தவிக்கும்போது நர்ஸ் ஸ்டிரைக் செய்யலாமா?' என்று நாம்தான் டீக்கடையில் கேட்டோம். ஹைகோர்ட் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பினார்கள். பின்னால் அந்தத் தொகை 14,000, 18,000 என்று படிப்படியாக ஏறியது.

தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. 2016 ஜனவரியில் கோர்ட் சொன்னதன் பேரில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. இருநூறு படுக்கைக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்கவேண்டும், ஐம்பது படுக்கைக்குக் கீழே உள்ள சின்ன இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று சொன்னது. அது பரிந்துரைதான், சட்டம் இல்லை. கேரளத்தில் நர்ஸ்கள் பல வருஷம் போராடி, 2018 ஏப்ரலில் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையே வாங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பாக நம் உசிலம்பட்டிச் சிஸ்டர் 8,500 வாங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் 2020. மார்ச் 22-ம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு திருநகரில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து நின்று கை தட்டியது. தட்டைத் தட்டியது. ஒரு வீட்டில் கோயில் மணியையே கொண்டுவந்து ஆட்டினார்கள். நானும் தட்டினேன். எவர்சில்வர் தாம்பாளம். எங்களுக்குப் பக்கத்தில் தோப்பூர் அரசு ஆஸ்பத்திரியில்தான் கொரோனா வார்டு. பிளாஸ்டிக் உறைக்குள் வேர்வையில் குளித்துக்கொண்டு அங்கே நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது, தூரம். மே 3-ம் தேதி ஹெலிகாப்டரில் இருந்து நாட்டின் பல ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். அவசரத்துக்கு ஒப்பந்தத்தில் நர்ஸ்களை எடுத்தார்கள். 2022 டிசம்பர் 31-ம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். புத்தாண்டில் அவர்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்த படத்தைப் பேப்பரில் பார்த்தேன். பிறகு பேச்சுவார்த்தை, கோர்ட், மாற்றுப் பணி என்று அது நீண்டது. அந்த நாளில் எங்கள் தெருவில் யாரும் எதையும் தட்டவில்லை. நானும்தான்.

எல்லாமே இருட்டு என்று சொல்லிவிட்டுப் போனால் பொய்யாகிவிடும். இதே மதுரையில், 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, வேலையிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு, பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். இன்றைக்கு அதைப் பற்றி அமெரிக்க மேனேஜ்மென்ட் காலேஜ்களில் பாடம் நடத்துகிறார்கள். பாடத்தில் பெரும்பாலும் டாக்டர்கள் வேகமாக ஆபரேஷன் செய்வதைப் பற்றியே பேசுவார்கள். ஒரு டாக்டர் வருஷத்துக்கு இரண்டாயிரம் ஆபரேஷன் செய்கிறார் என்றால், பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியை யாரோ தயாராக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ', சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து பிளஸ் டூ முடித்து வந்த பெண்கள். பார்வை பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, கண்ணாடி, தியேட்டர் எல்லாம் அவர்கள் கையில். இரண்டு வருஷப் பயிற்சி. கட்டணம் இல்லை, மாறாக உதவித்தொகை உண்டு. முடித்ததும் வேலை. இந்த ஏற்பாட்டை வளர்த்தெடுத்ததில் டாக்டர் ஜி. நாச்சியாருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதிலும் யோசிக்க விஷயம் இருக்கிறது, ஒளிக்கவில்லை. அந்தப் பெண்கள் கற்பது கண் சம்பந்தப்பட்ட வேலை. அது நர்ஸ் பதிவுக்குச் சமம் ஆகாது. பல பேர் சில வருஷம் வேலை பார்த்துக் கல்யாணமாகிப் போய்விடுகிறார்கள். அப்புறம் அந்தத் திறமையை எங்கே வைப்பது? ஆனால் நோட்டீஸ் கம்பெனிக்கும் இதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. முதல் நாள் வாசலில் ஏழை அப்பாவின் பாக்கெட்டில் யார் கை வைக்கிறார்கள் என்பது அந்தக் கோடு. பயிற்சி கொடுக்கிறவர் தன் பணத்தைப் போட்டால், அந்தப் பெண் தேறவேண்டும் என்ற கவலை அவருக்கும் இருக்கும். அப்பாவின் பணத்தைப் போட்டால் அந்தக் கவலை அப்பாவோடு நின்றுவிடும்.

இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் ஆட்டோவில் சொல்லிவிடவில்லை. மூன்று மாதம், மூன்று சவாரி ஆனது. கடைசியில் நான் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: "அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போடு. எந்த ஸ்கூல்ல சேர்த்தாலும் முதல்ல கவுன்சில் அங்கீகாரப் பட்டியல்ல பேர் இருக்கான்னு பாரு. கவர்ன்மென்ட் சீட்டுக்கு முதல்ல போடு. முடிஞ்சா ஏ.என்.எம்.மோட நிறுத்தாதே, ஜி.என்.எம். வரைக்கும் யோசி. முதல் ரெண்டு மூணு வருஷம் சம்பளம் உன் ஆட்டோ வருமானத்தைவிடக் கம்மியாத்தான் இருக்கும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்க. ஆனா கையில பதிவு இருந்தா அவ எந்த ஊர்லயும் பட்டினி கிடக்க மாட்டா. இன்டர்வியூல சம்பளம் எவ்வளவுன்னு கேக்கச் சொல்லு, கூச்சப்படாம."

"சேவைன்னீங்களே சார்?" என்றார் விடாமல்.

"அது அவ சொல்லிக்க வேண்டிய வார்த்தை. நான் சொன்னது தப்பு" என்றேன்.

போன சவாரிக்கு மகளையும் கூட்டிவந்திருந்தார். பேங்கில் ஏதோ வேலையாம், வழியில் இறக்கிவிட வேண்டும். ஒல்லியான பெண். பின் சீட்டில் என் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பெரிய மனுஷத் தோரணையில், "ஏதாவது சந்தேகம் இருந்தா கேளும்மா" என்றேன். டாலர், ஜெர்மனி, பரீட்சை என்று ஏதாவது கேட்பாள் என்று பதிலோடு தயாராக இருந்தேன்.

"நைட் டூட்டி முடிஞ்சு காலைல வெளிய வந்தா, தூங்கறதுக்கு அங்கயே எடம் குடுப்பாங்களா சார்? வீட்ல ஒரே ரூமு. பகல்ல தம்பிங்க டிவி பாப்பாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அப்பாவும் ஒன்றும் சொல்லாமல் பழங்காநத்தம் ரவுண்டானா வரைக்கும் வண்டியை ஓட்டினார். அப்புறம், திரும்பிப் பார்க்காமல், "பகல்ல டிவிய எடுத்து வெளித் திண்ணைல வச்சிருவோம்டா" என்றார்.